மாசம் எவ்வளவுண்ணே வரும்?... லாரி டிரைவரின் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? பேட்டா, மைலேஜ், ஹால்டிங்... சட்டம் என்ன சொல்கிறது?

தேனியிலிருந்து கம்பம் சாலையில் கிளம்பினால் கொஞ்ச தூரத்திலேயே பழனிசெட்டிபட்டி வந்துவிடும். முல்லைப் பெரியாற்றுத் தடுப்பணையைத் தாண்டினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், கடைசியாகக் குமுளி. கேரளாவுக்குள் போகும் காய்கறியும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே போகும் திராட்சை, வாழை, தேங்காயும் இந்தச் சாலையை நம்பி இருக்கின்றன.

இந்தச் சாலையோர டீக்கடையில் நிற்கும் லாரி டிரைவர் ஒருவரிடம் "மாசம் எவ்வளவுண்ணே வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே எண்ணில் பதில் வராது. "சம்பளம் இவ்வளவு, பேட்டா தனி, மைலேஜ் தனி, ஆனா பிடித்தம் போக..." என்று நீளும்.

ஏன் இப்படி? ஒரு லாரி டிரைவரின் வருமானம் உண்மையில் எப்படிக் கணக்கிடப்படுகிறது? எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று சட்டம் சொல்கிறது? 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் என்ன மாறுகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிரைவர் கைக்கு வரும் பணம் எத்தனை வகை?

பொதுவாக நான்கு வழிகளில் பணம் வருகிறது. எல்லாக் கம்பெனியிலும் நான்கும் இருக்காது.

மாதச் சம்பளம்: சொந்தமாகப் பல லாரிகள் வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் பார்சல் சர்வீஸ்களிலும் ஒரு நிலையான தொகை இருக்கும். பெரும்பாலும் மொத்த வருமானத்தில் இது சின்னப் பங்குதான்.

பேட்டா: வெளியூர் போகும் நாட்களுக்குத் தினப்படி. சில இடங்களில் நாள் கணக்கு, சில இடங்களில் டிரிப் கணக்கு. சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் இதற்குள்தான்.

சதவீதம்: மாதச் சம்பளமே கிடையாது, வாடகையில் இத்தனை சதவீதம் டிரைவருக்கு என்று பேசிக்கொள்வது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் ஓனர்களிடம் இந்த முறை அதிகம்.

மைலேஜ்: லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கம்பெனி ஒரு அளவு வைத்திருக்கும். அதைவிட டீசலை மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு ஒரு பங்கு. குறைந்தால் 'ஷார்ட்டேஜ்' என்று செட்டில்மென்ட்டில் பிடித்தம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் வகையைத் தவிர மற்ற மூன்றும் வண்டி ஓடினால்தான் வரும். எஃப்சி-க்கு வண்டி நின்றால், லோடு கிடைக்காமல் நின்றால், டிரைவருக்குக் காய்ச்சல் வந்தால் வருமானம் நின்றுவிடும்.

ஒரு டிரிப்பின் கணக்கு

புரிந்துகொள்வதற்காக ஒரு உதாரணம் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

தேனியிலிருந்து சென்னைக்குச் சுமார் 500 கிலோமீட்டர். போக வர 1,000. திங்கள் மாலை லோடு ஏற்றி, இரவு ஓட்டி, செவ்வாய் காலை சென்னை. இறக்கி முடித்து ரிட்டர்ன் லோடுக்காகக் காத்திருந்து, புதன் இரவு கிளம்பி வியாழன் காலை ஊர் வந்து சேர்கிறார் டிரைவர். மூன்று நாள்.

பேட்டா நாளைக்கு 800 ரூபாய் என்றால் 2,400 ரூபாய். சாப்பாடு, டீ, குளியல், பார்க்கிங் என்று நாளைக்கு 400 ரூபாய் செலவு என்றால் 1,200 ரூபாய் போய்விடும். மிச்சம் 1,200.

இப்போது மைலேஜ். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று கம்பெனி நிர்ணயித்திருந்தால் 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர். டிராஃபிக்கில் சிக்கி 256 லிட்டர் ஆகிவிட்டது என்றால் 6 லிட்டர் ஷார்ட்டேஜ். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 552 ரூபாய் பிடித்தம். கடைசியில் கையில் நிற்பது 648 ரூபாய். மூன்று நாளுக்கு!

அதே டிரைவர் 6 லிட்டர் மிச்சம் பிடித்திருந்தால் கணக்கு தலைகீழாக மாறியிருக்கும். அதாவது பெட்ரோல் பங்க் மீட்டரும் டிராஃபிக்கும்தான் அவருடைய சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன.

மைலேஜுக்கும் மலைப்பாதைக்கும் என்ன தொடர்பு?

தேனி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கேரளாவுக்குப் போக வேண்டுமென்றால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என எந்தப் பக்கம் போனாலும் மலை ஏறித்தான் ஆக வேண்டும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

ஏறும்போது டீசல் அதிகம் குடிக்கும். அதை இறங்கும்போது ஈடுகட்ட வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்யாது. முழுப் பாரமும் பிரேக் மீது விழும். தொடர்ந்து பிரேக் மிதித்தால் டிரம் சூடாகி, ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காமலே போகும். அதனால்தான் "ஏறின கியர்லயே இறங்கு" என்று மூத்த டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

சில லிட்டர் டீசலுக்காக எடுக்கும் ரிஸ்க் என்று வெளியிலிருந்து சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சில லிட்டர்தான் அன்றைய வருமானம் என்ற சம்பள முறை இருக்கும்போது, தவறு டிரைவருடையது மட்டும்தானா என்ற கேள்வியும் வருகிறது.

எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

இதற்குப் பல ஆண்டுகளாகவே சட்டம் இருக்கிறது. 'மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சட்டம் 1961' சொன்னது இதுதான்...

நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நீண்ட தூர வழித்தடங்களில் அனுமதியோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரம் வரை போகலாம்.

தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும்.

ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்கும் வரை, இடையில் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும்.

கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம்.

மேலே பார்த்த சென்னை டிரிப்பை இதோடு பொருத்திப் பாருங்கள். பகல் முழுக்க லோடு ஏற்றும் இடத்தில் நின்றுவிட்டு இரவு முழுக்க ஓட்டுகிறார். 9 மணி நேர ஓய்வு எங்கே இருக்கிறது?

முன்பெல்லாம் லாரியில் கிளீனர் இருப்பார். தார்ப்பாய் போடுவது, கயிறு கட்டுவது, டயர் தட்டிப் பார்ப்பது, டிரைவர் கண் அசராமல் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. இப்போது பல வண்டிகளில் கிளீனர் கிடையாது. நேஷனல் பர்மிட் லாரிகளில் 2 டிரைவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-ல் தளர்த்தப்பட்டுவிட்டது. எல்லா வேலையும் ஒருவர் தலையில்.

காத்திருக்கும் நேரம் வேலை நேரமா?

பலருக்குத் தெரியாத ஒரு வரி 1961 சட்டத்தில் இருக்கிறது. வேலை நேரம் என்பதில் வண்டி ஓடும் நேரமும், ரசீது, கணக்கு போன்ற துணை வேலைகளின் நேரமும் அடங்கும். முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரமும் அடங்கும். ஆனால், அது 15 நிமிடத்துக்குள் இருந்தால்! புதிய சட்டத் தொகுப்பும் கிட்டத்தட்ட இதே சொற்களைத்தான் பின்பற்றுகிறது.

இது பஸ் ஸ்டாண்டை மனதில் வைத்து எழுதியது போலத்தான் தெரிகிறது. லாரி டிரைவர் காத்திருப்பது 15 நிமிடம் இல்லை. மண்டியில் லோடு ரெடியாக அரை நாள், குடோனில் இறக்க ஆள் வரும் வரை ஒரு நாள், ரிட்டர்ன் லோடுக்கு இன்னொரு நாள் என்று போகும். அந்த நேரத்தில் அவர் வண்டியை விட்டு நகரவும் முடியாது. டீசல், டயர், சரக்கு எல்லாவற்றுக்கும் அவரே காவல். அப்படி இருக்கும்போது அது ஓய்வு நேரமா?

தாமதமானால் 'ஹால்டிங்' என்று ஒரு தொகையைச் சரக்கு அனுப்புபவரிடம் கம்பெனி கேட்கலாம். அது வந்தாலும் டிரைவர் வரை வருமா என்பது ஓனரைப் பொறுத்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் காத்திருப்புக்குச் சீசனும் உண்டு. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் கம்பம் சாலையில் போக்குவரத்து மாற்றம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளுக்காகக் குமுளி, கம்பம்மெட்டுப் பாதைகளில் ஒருவழி ஏற்பாடு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை கொதித்தபோது குமுளி எல்லையில் போக்குவரத்தே நின்றுபோனது. இப்படி நிற்கும் நாட்களுக்கெல்லாம் டிரிப் கணக்கில் பேட்டா வாங்குபவருக்கு வருமானம் இல்லை.

5 பேர்... இப்போது 10 பேர்! யாருக்குப் பொருந்தும்?

1961 சட்டம் 5 அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார் தொழிலாளர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தியது. அந்தச் சட்டத்தை இப்போது 'பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு 2020' தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தத் தொகுப்பில் மோட்டார் போக்குவரத்து நிறுவனம் என்றால் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருக்க வேண்டும்.

அதாவது 6 லாரி, 7 டிரைவர் வைத்திருக்கும் கம்பெனி பழைய சட்டத்துக்குள் வந்தது. புதிய தொகுப்புக்குள் வராது.

மறுபக்கம், வரம்புக்குள் இருப்பவர்களுக்குச் சில நன்மைகளும் உண்டு. வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்புக்கு முன்பு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், இப்போது 180 நாள் போதும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. போக்குவரத்து பாதிக்காமல் இருக்க வார விடுமுறையைத் தள்ளிவைக்கலாம், ஆனால் ஒரு முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து 10 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

சம்பளச் சீட்டு இல்லைன்னா என்ன ஆகும்?

"கைக்குப் பணம் வந்தா போதும், சீட்டு எதுக்கு?" என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

'ஊதியச் சட்டத் தொகுப்பு 2019' ஊதியம் என்றால் என்ன என்பதற்குப் புதிய வரையறை தருகிறது. பயணப்படி, வேலையின் தன்மையால் ஏற்படும் செலவுக்குத் தரும் தொகை, கமிஷன், ஓவர்டைம் போன்றவை ஊதியத்தில் சேராது. ஆனால் இப்படி விலக்கப்பட்ட தொகைகள் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் போனால், பாதிக்கு மேற்பட்ட பகுதி ஊதியமாகவே கருதப்படும்.

ஒரு டிரைவருக்குச் சம்பளம் 8,000, பேட்டா 16,000, மொத்தம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் பாதி 12,000. பேட்டா அதைவிட 4,000 அதிகம். அந்த 4,000 ஊதியத்தோடு சேரும். எனவே சட்டப்படி அவருடைய ஊதியம் 8,000 இல்லை, 12,000 ரூபாய். பிஎஃப், பணிக்கொடை போன்றவற்றின் கணக்கு இதன் மேல்தான் வர வேண்டும்.

இது ஏன் உயிர் போகிற விஷயம் என்றால், விபத்து இழப்பீடும் ஊதியத்தை வைத்துத்தான். வேலையின்போது விபத்தில் தொழிலாளர் இறந்தால், மாத ஊதியத்தில் 50 சதவீதத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து வரும் முறை இது. 40 வயதுக்கு அந்த எண் 184.17.

ஊதியம் 8,000 ரூபாய் என்று மட்டும் நிரூபிக்க முடிந்தால் இழப்பீடு 7,36,680 ரூபாய். 15,000 ரூபாய் (2020-ல் இதற்கு வைக்கப்பட்ட உச்சவரம்பு) என்று நிரூபிக்க முடிந்தால் 13,81,275 ரூபாய். வித்தியாசம் 6 லட்சத்து 44 ஆயிரத்து 595 ரூபாய்!

அந்த நேரத்தில் நிரூபிக்க வேண்டியது டிரைவரின் மனைவியோ பெற்றோரோ. கையில் ஒரு சீட்டும் இல்லாமல், நோட்டில் எழுதிய டிரிப் கணக்கும் ஓனர் ஆபீஸிலேயே இருந்தால், அவர்கள் எதைக் காட்டுவார்கள்?

டேமேஜ், அபராதம்... யார் தலையில்?

தக்காளி அழுகிவிட்டது, பெட்டி குறைகிறது, கண்ணாடி உடைந்துவிட்டது என்று செட்டில்மென்ட்டில் பணம் பிடிப்பது சாதாரணமாக நடக்கிறது. சட்டப்படி, டிரைவரின் அலட்சியத்தாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்ட நஷ்டத்துக்கு மட்டுமே பிடிக்கலாம். பிடிக்கும் முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். நஷ்டத்தின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் தரப்பட வேண்டும்.

ஓவர்லோடு இன்னும் சிக்கல். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தை ஓனர் கட்டிவிடலாம். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு வழிகாட்டுதல்படி, ஓவர்லோடுக்கு டிரைவரின் லைசென்ஸை குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்கலாம். லோடு எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்பவர் ஒருவர், 3 மாதம் வேலை இல்லாமல் வீட்டில் உட்காருபவர் வேறொருவர்.

2024 ஜனவரி போராட்டம் நினைவிருக்கிறதா?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்தில் உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்றது. இதை எதிர்த்து 2024 ஜனவரி தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றன. "நின்னா கூட்டம் அடிக்கும், ஓடினா ஜெயில்" என்பதுதான் டிரைவர்களின் பயம். பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2024 ஜூலை 1-ல் மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் அமல்படுத்தப்படவில்லை.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். ஆனால் இப்போது ரோட்டில் ஓடும் பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது. புது வண்டியிலும், ஏசி போட்டால் டீசல் கூடும், மைலேஜ் குறையும். மைலேஜ் கணக்கில் பிடித்தம் தொடர்ந்தால் எத்தனை டிரைவர்கள் ஏசி பட்டனைத் தொடுவார்கள்?

ஓனர் பக்கம் என்ன?

எல்லா ஓனரும் பெரிய முதலாளிகள் இல்லை. நேற்றுவரை ஸ்டியரிங் பிடித்தவர் கடன் வாங்கி ஒரு லாரி எடுத்திருப்பார். தவணை, இன்சூரன்ஸ், பர்மிட், டோல், டயர் எல்லாம் மாதா மாதம் நிற்கும். வாடகையை அவர் நிர்ணயிப்பதில்லை, புக்கிங் ஆபீஸும் சரக்கு அனுப்புபவரும்தான் பேசுகிறார்கள். ரிட்டர்ன் லோடு கிடைக்காவிட்டால் காலியாக வர வேண்டும். டீசல் விலை ஏறிய அன்றே வாடகை ஏறாது.

அதனால் வண்டி நின்றால் ஏற்படும் நஷ்டத்தை ஓனர் டிரைவர் மீது இறக்குகிறார். டிரைவர் அதைத் தன் தூக்கத்தின் மீது இறக்குகிறார். இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

டிரைவர்கள் என்ன செய்யலாம்?

1. டிரிப் ஷீட், பேட்டா சீட்டு, செட்டில்மென்ட் பேப்பர் எதுவாக இருந்தாலும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

2. சம்பளத்தையும் முடிந்தால் பேட்டாவையும் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். பின்னாளில் அதுவே ஆதாரம்.

3. 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் இருக்கும் கம்பெனி என்றால் நியமனக் கடிதம் கேளுங்கள். ஊதியம் வரம்புக்குள் இருந்தால் ஈஎஸ்ஐ, 20 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் இருந்தால் பிஎஃப் பற்றியும் கேளுங்கள்.

4. வண்டி இன்சூரன்ஸில் டிரைவருக்கான பாதுகாப்பு இருக்கிறதா என்று பாலிசியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. சின்ன ஓனரிடம் வேலை செய்பவர்களும் ஆக்டிங் டிரைவர்களும் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். 18 முதல் 60 வயது வரை. பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து மரண உதவி, ஓய்வூதியம் போன்ற பலன்கள் உண்டு. பதிவு செய்ய மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். பதிவைப் புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

6. சம்பளப் பாக்கி, நியாயமில்லாத பிடித்தம் என்றால் அதே தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.

அடுத்த முறை கம்பம் சாலையில் ஒரு லாரி உங்களுக்கு முன்னால் மெதுவாக மலை இறங்கிக்கொண்டிருந்தால், ஹாரன் அடிக்கும் முன் ஒரு நொடி யோசியுங்கள். அவர் கியரில் இறங்குகிறார். ஒருவேளை அந்த டிரிப்பில் அவருக்கு மைலேஜ் காசு வராமலும் போகலாம். ஆனால் நீங்களும் அவரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்வீர்கள்.